நீல மூடி வியாழக்கிழமை வரும்

பம்மல்
3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

போனை எடுக்காத அக்காவுக்கு,

பிரியா எழுதுகிறேன். இதற்கு முன் நான் காகிதத்தில் எழுதியது பள்ளிக்கூடத்துக்கு லீவ் லெட்டர் மட்டும்தான். அதனால் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஒன்பது நாளாக நீ என்னை பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய். நேற்று பீர்க்கன்கரணைக்கே வந்து கால் மணி நேரம் உன் வாசலில் நின்றேன். உள்ளே ஃபேன் ஓடியது. நான் மணி அடித்ததும் யாரோ டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள். நீ ஷிஃப்டில் இருந்திருப்பாய், அப்படியென்றால் மாமாதான். கதிரேசன் மாமா எனக்குக் கதவைத் திறக்காமல் இருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. அவரிடமும் சொல்லிவிட்டாயா?

என் பக்கத்து நியாயத்தையும் கேள். ஜூன் பதினைந்தாம் தேதி உன் வீட்டுக்கு வந்து, எங்கள் ‘கைக்கூடை’ ஆப்பில் ஒரு டிபன் பாக்ஸ் வாங்கச் சொன்னேன். எப்பவும் வாங்குற மாதிரி வாங்கு, மனசுல தோணுறதை வாய்விட்டுச் சொல்லு, நான் பக்கத்துல சும்மா உட்கார்ந்திருப்பேன் என்றேன். எங்கள் வேலையில் அதுதான் முறை. ஆப் எந்த இடத்தில் ஆளைத் தடுக்கிறது என்று தெரிய வேண்டுமானால், வாங்குகிறவர் விரலைப் பார்த்துக்கொண்டு நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். திரையைப் படம் பிடிக்கட்டுமா என்று கேட்டேன். “பிடிச்சுக்கோ” என்றாய். கேட்காமல் ஒன்றும் செய்யவில்லை.

அதை ஆபீஸ் மீட்டிங்கில் போட்டேன். மூன்று நிமிடம் பத்து விநாடி. நீ பின்கோடு பெட்டியில் ஒரு எண்ணைப் போடுகிறாய், அழிக்கிறாய், வேறு எண், அழிக்கிறாய், இன்னொன்று. அப்புறம் மூடியின் நிறத்தை மாற்றுகிறாய். மறுபடி பின்கோடு. சிலர் சிரித்தார்கள். யாரோ ‘பின்கோடு அக்கா’ என்று பெயர் வைத்தார்கள். ஆபீசில் இதெல்லாம் சகஜம். போன மாதம் இருபத்தைந்தாம் தேதி இரண்டாவது சோதனைக்கு உன்னைத் துரைப்பாக்கம் ஆபீசுக்கு வரச் சொன்னார்களே, அன்று புதிதாகச் சேர்ந்த சினேகா உன்னைப் பார்த்து ஆசையாகத்தான் கேட்டாள், “நீங்கதானே பின்கோடு அக்கா?” என்று. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நீ கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாய். நான் லிஃப்ட் வரைக்கும் ஓடி வந்தேன்.

இப்படி நூறு பேரின் வீடியோக்களைப் பார்த்திருக்கிறோம். எல்லாருக்கும் தடுமாற்றம் வரும். தடுமாறுவது உன் தப்பில்லை, டிசைன் தப்பு என்றுதான் நான் ரிப்போர்ட்டில் எழுதினேன். உனக்கு ஆதரவாகத்தான் எழுதினேன் அக்கா. கோபம் தணிந்ததும் போன் பண்ணு.

பிரியா


பீர்க்கன்கரணை
10 ஆகஸ்ட் 2025

பிரியாவுக்கு,

போன் பண்ண மாட்டேன். போனில் எழுதினால் அதையும் படம் பிடித்து ஆபீசில் போடுவாய். காகிதத்தைப் படம் பிடித்தாலும் என் கையெழுத்து உன் ஆபீஸ்காரர்களுக்குப் புரியாது. அந்த தைரியத்தில் எழுதுகிறேன்.

எனக்கு ஆதரவாக எழுதினாயா? ரொம்ப சந்தோஷம். தடுமாறுகிறவளுக்கு ஆதரவு. நான் தடுமாறினேன் என்று உன்னிடம் யார் சொன்னது?

எங்கள் கம்பெனியில் டைம் ஸ்டடி என்று ஒருத்தர் வருவார். தைக்கிற பெண்ணின் முதுகுக்குப் பின்னால் ஸ்டாப்வாட்ச்சோடு நிற்பார். இவளுக்குக் காலர் தைக்க இவ்வளவு நேரம், அவளுக்கு இவ்வளவு என்று எழுதிக்கொண்டு போவார். நடுவில் அவள் ஏன் மிஷினை நிறுத்தினாள், துணியை ஏன் திருப்பிப் பார்த்தாள் என்று கேட்க மாட்டார். அவள் நிறுத்தாமல் போயிருந்தால் அந்தச் சட்டை திரும்பி வந்திருக்கும். அது அவருக்குத் தெரியாது. நான் பார்த்துக்கொள்கிற தையல் லைனில் நாற்பத்தாறு பெண்கள். அவர்களுக்காக இருபது வருஷமாக அந்த ஆளோடு சண்டை போடுகிறேன். அவரே என் கூடப் பிறந்து, என் வீட்டுக்கு வந்து, என் கையால் காபி குடித்துவிட்டு என்னை எழுதிக்கொண்டு போவார் என்று எதிர்பார்க்கவில்லை.

அன்று உன் ஆபீசிலிருந்து வெளியே வந்து இரண்டு பஸ்ஸை விட்டேன். ஏறத் தோன்றவில்லை. நாற்பத்து மூன்று வயதில் எனக்கு ஒரு பட்டப்பெயர்.

மனதில் தோன்றுவதைச் சொல்லு என்றாய். மனதில் இருப்பதெல்லாம் வாயில் சொல்லக் கூடியதா? அந்த மூன்று நிமிடத்தில் நான் செய்தது ஒன்று கூட வீண் இல்லை. நம்பிக்கை இல்லையென்றால் உன் வீடியோவை நீயே இன்னொரு தடவை பார். இந்த தடவை சிரிக்காமல் பார்.

மாமாவை இதில் இழுக்காதே. அவர் நன்றாக இருக்கிறார்.

காந்திமதி


பம்மல்
15 ஆகஸ்ட் 2025

அக்கா,

பார்த்தேன். பதினொரு தடவை பார்த்தேன். முதல் நாலு தடவையும் உன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது தடவைதான் பின்கோடு பெட்டிக்குக் கீழே வரும் வரியைப் பார்த்தேன். ‘இந்தக் கிழமை வந்து சேரும்’ என்று சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து. அதை வைத்தது நான்தான். யார் படிக்கப் போகிறார்கள் என்று அவ்வளவு பொடியாக வைத்தேன்.

ஒரு தாளை எடுத்து, நீ போட்ட எண்ணையும் அதற்கு வந்த கிழமையையும் வரிசையாக எழுதினேன். சிவப்பு மூடி போட்ட டப்பா, உன் வீட்டு 600063: புதன். சானடோரியம் 600047: வெள்ளி. மாடம்பாக்கம் 600126: ஞாயிறு. இந்த இடத்தில் நீ மூடியை நீலமாக மாற்றினாய். மீட்டிங்கில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தது இங்கேதான். ஒரு மூடிக்கு இவ்வளவு யோசனையா என்று. நீல மூடி, உன் வீட்டுக்கு மறுபடி புதன். நீல மூடி, சானடோரியத்துக்கு வியாழன். அடுத்த விநாடி வாங்கிவிட்டாய். அதுவரை சுற்றின விரல் அங்கே கொஞ்சம் கூடத் தயங்கவில்லை.

உனக்கு வேண்டியிருந்தது சானடோரியத்தில் ஒரு வியாழக்கிழமை. மூடி எந்த நிறமாக இருந்தாலும் உனக்கு ஒன்றுதான். சரியா?

எங்கள் கோடவுனைப் பார்த்துக்கொள்கிற ஆபேலிடம் போய்க் கேட்டேன். “சிவப்பு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருந்து வருது, நீலம் வண்டலூர்ல இருந்து வருது. அதான் ஒரு நாள் வித்தியாசம். இது வெளியாளுக்கு எப்படித் தெரியும்?” என்றான். எங்கள் டீமில் பதினோரு பேர் இருக்கிறோம், எங்களுக்கே தெரியாது. நீ நிறத்தை மாற்றிப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறாய். எத்தனை நாள், எத்தனை பொருளை மாற்றி மாற்றிப் பார்த்திருந்தால் இது பிடிபட்டிருக்கும்? கோடவுன் எங்கே இருக்கிறது, வண்டி எந்தப் பக்கமாக வருகிறது என்று எங்கள் ஆப் எதையும் சொல்வதில்லை. நீயாக இந்த ஊரையே தலைக்குள் போட்டு வைத்திருக்கிறாய். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேனே, ஒன்றும் தெரியாமல்.

இரண்டு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்லாமல் விட்டால் அடுத்த வரி எழுத வராது.

யாரோ பெயர் வைத்தார்கள் என்று எழுதியிருந்தேன். யாரோ இல்லை, நான்தான். வீடியோவில் யார் என்று கேட்டபோது என் அக்கா என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். “இவங்க நம்ம பின்கோடு அக்கா” என்றேன். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு வந்தது. எனக்கு அது பிடித்தும் இருந்தது.

இரண்டாவது இதைவிட மோசம். என் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியையே எடுத்துவிட முடிவு பண்ணிவிட்டார்கள். பொருள் பக்கத்தில் பின்கோடு கேட்கக் கூடாது, அது மக்களைக் குழப்புகிறது என்று எழுதியது என் கை. இனிமேல் பணம் கட்டிய பிறகுதான் கிழமை தெரியும். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி மாற்றம் வருகிறது.

உனக்கு ஏன் கிழமை அவ்வளவு முக்கியம்? சொல்ல விருப்பம் இருந்தால் சொல்.

பிரியா


பீர்க்கன்கரணை
24 ஆகஸ்ட் 2025

பிரியா,

பெயர் வைத்தது நீ என்று படித்ததும் கடிதத்தை மடித்து அடுப்பு மேடையில் போட்டுவிட்டேன். இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. அப்புறம் மீதியைப் படித்தேன். பெட்டியை எடுக்கப் போகிறார்கள் என்ற இடத்தைப் படித்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். பட்டப்பெயர் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். இப்போது சொல்லப்போவதை நீ யாரிடமும் சொல்லக் கூடாது. ஆபீசில் மட்டுமில்லை, யாரிடமும்.

ஜனவரியில் மாமாவுக்குக் குடலில் கட்டி எடுத்தார்கள், சரியாகிவிட்டது என்று உங்கள் எல்லாரிடமும் சொன்னோம். கட்டியை எடுத்தது நிஜம். ஆனால் இனிமேல் அவருக்கு மலம் வயிற்று வழியாகத்தான். இடது பக்கம் ஒரு துவாரம் வைத்து, அதன் மேல் ஒரு பை ஒட்டியிருக்கிறது. ஆயுசுக்கும் அப்படித்தான். அந்தப் பையைத்தான் உங்கள் ஆப்பில் வாங்குகிறேன். பக்கத்து மெடிக்கலில் அவர் அளவு கிடைக்காது. துவாரம் சுருங்கிச் சுருங்கி அளவு மாறுகிறது, மொத்தமாக வாங்கியும் வைக்க முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு டப்பா.

பிப்ரவரியில் ஒரு டப்பா வந்து திரும்பிப் போனது. நான் வேலைக்குள் போனால் போன் கேட் லாக்கரில். டெலிவரிக்காரன் கூப்பிட்டிருக்கிறான், யாரும் எடுக்கவில்லை, ஆள் இல்லை என்று போட்டுவிட்டுப் போய்விட்டான். மாமா கட்டிலில் மருந்து மயக்கத்தில் இருந்திருக்கிறார். மாற்றப் பை இல்லாமல் பழையதையே இரண்டு நாள் அதிகமாக ஓட்டினோம். அந்தப் பழைய பையோடே பெருங்களத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது பை விட்டுவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து போனார். அப்புறம் எதிர் வரிசை எழுந்தது. மாமா இலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். என் புடவைத் தலைப்பை அவர் இடுப்பில் சுற்றித்தான் வெளியே கூட்டி வந்தேன்.

அன்றிலிருந்து அவர் வாசல்படி தாண்டவில்லை. பதினெட்டு வருஷம் வேன் ஓட்டின மனுஷன். மணி அடித்தால் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு மூச்சு விடாமல் இருப்பார். நீ வந்தாலும் அப்படித்தான், யார் வந்தாலும் அப்படித்தான். உன் மேல் கோபம் இல்லை.

அதனால்தான் எனக்குக் கிழமை. எங்கள் வீட்டுப் பக்கம் வண்டி காலை பதினோரு மணிக்கு வரும். எனக்குக் காலை ஷிஃப்ட் என்றால் வீட்டு முகவரி உதவாது. சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்தில் யாசீன் பாய் தையல் மிஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அங்கே மதியம் ஒரு மணிக்கு வண்டி வரும். இரண்டு மணிக்கு நான் வெளியே வந்ததும், “இன்னாமா காந்தி, உன் பார்சல் வந்துகீது” என்று எடுத்துக் கொடுப்பார். என்ன ஏது என்று கேட்க மாட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை அந்த நேரம் தொழுகைக்குப் போய்விடுவார், கடை பூட்டியிருக்கும். மாடம்பாக்கத்தில் என் கூட வேலை பார்க்கிற காமு வீடு. அவள் மாமியார் எப்பவும் வீட்டில் இருப்பார், ஞாயிறு சாயங்காலம் தவிர. அப்போது கோயில். அந்தப் பக்கம் வண்டி வருவது சாயங்காலம்தான்.

இப்போது உன் தாளை எடுத்துப் பார். புதன் வீட்டுக்கு வந்தால் வாங்க ஆள் இல்லை. வெள்ளி பாய் இல்லை. ஞாயிறு மாமியார் இல்லை. அதனால் மூடியை மாற்றினேன். டிபன் பாக்ஸ்தான், திரும்பிப் போனாலும் பரவாயில்லை. ஆனால் நீ எப்பவும் வாங்குற மாதிரி வாங்கு என்றாய். நான் எப்பவும் இப்படித்தான் வாங்குகிறேன்.

பணம் கட்டிய பிறகுதான் கிழமை தெரியும் என்றால் எனக்கு அது சீட்டுக் குலுக்கல். இன்னொரு டப்பா திரும்பிப் போனால் அவர் மனது என்ன ஆகும் என்று எனக்கு நினைக்கவே பயம். இப்போதுதான் ஜன்னல் வரைக்கும் வந்து உட்காருகிறார்.

எழுத ஆரம்பித்ததால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வாங்கி முடித்ததும் உங்கள் திரையில் கலர் காகிதம் பறக்கிறது. மறுநாள், பை பிடித்திருக்கிறதா, எத்தனை ஸ்டார் என்று கேட்கிறது. நீங்களெல்லாம் யாரை நினைத்துக்கொண்டு இதை வைக்கிறீர்கள்?

அக்கா


பம்மல்
6 செப்டம்பர் 2025

அக்கா,

உன் கடிதத்தைக் குளியலறையில் உட்கார்ந்து படித்தேன், அழுதால் யாருக்கும் தெரியாதென்று. யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் பெட்டியை எப்படிக் காப்பாற்றுவது? மேனேஜர் துளசிங்கம் சாரிடம், “பெட்டி வேணும் சார், நான் எழுதினது தப்பு” என்றேன். “ஒருத்தங்களுக்காக எல்லாருக்கும் பக்கத்தை நிரப்ப முடியாதும்மா. உங்க ரிப்போர்ட்டே அப்படித்தானே சொல்லுது?” என்றார். நல்ல மனிதர்தான். என் வார்த்தையாலேயே என்னை மடக்கினார்.

மூன்று நாள் யோசித்தேன். அப்புறம் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். சோதனை வைத்தேன். இந்த தடவை அவர்களுக்கு.

நேற்று மீட்டிங்கில் என்னைத் தவிர மீதிப் பத்து பேருக்கும் ஆளுக்கொரு சீட்டு கொடுத்தேன். ‘நீங்கள் காலை ஆறிலிருந்து இரண்டு வரை வேலையில். போன் கையில் இருக்காது. வீட்டில் இருப்பவர் கதவைத் திறக்க மாட்டார். ஒரு பொருள் இந்த வாரம் உங்கள் கைக்கு வந்தே ஆக வேண்டும். வாங்கி வைக்க இரண்டு இடம் உண்டு.’ அதற்குக் கீழே பாய் கடையும் காமு வீடும், பெயர் இல்லாமல், நேரம் கிழமை மட்டும். நம் ஆப்பிலேயே வாங்குங்கள், மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றேன். ஒவ்வொருவர் திரையையும் சுவரில் தெரியும்படி போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டேன்.

ஏழு பேர் பாதியில் விட்டுவிட்டார்கள். இரண்டு பேர் வெள்ளிக்கிழமைக்குப் போட்டுவிட்டு ஜெயித்துவிட்டோம் என்றார்கள். துளசிங்கம் சார் ஒருத்தர்தான் விடவில்லை. பின்கோடு போட்டார், அழித்தார், நிறத்தை மாற்றினார், மறுபடி முதலிலிருந்து வந்தார். சீட்டைத் தொலைத்துவிட்டுத் தேடினார். பதினாலு நிமிடம் அக்கா. வியாழக்கிழமையைக் கண்டுபிடித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

யாரும் கேட்காமலே உன் வீடியோவைப் போட்டேன். கூடவே ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அந்தக் கிழமையைப் பெரிதாக எழுதியிருந்தேன். நீ 600063 போட்டாய். 600047. 600126. நீ மூடியைத் தொட்டதும் சினேகா “ஐயோ” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று நிமிடம் பத்து விநாடி. இதில் இருபது விநாடி நீ என்னிடம் “காபி ஆறுது, குடி” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். கையில் சீட்டு இல்லை, தாள் இல்லை. ஜூன் மாதம் சிரித்த அதே அறை அக்கா. முடிந்த பிறகும் யாரும் விளக்கைப் போடவில்லை. துளசிங்கம் சார் மெதுவாக, “இவங்களை நாமளா சோதிச்சோம்?” என்றார்.

அப்போதுதான் சொன்னேன். “இவங்க பேரு காந்திமதி. என் கூடப் பிறந்த அக்கா. அந்தப் பட்டப்பெயரை வச்சது நான். இனிமே யாரும் சொல்லாதீங்க.” ஏன் கதவு திறக்காது என்று ஒருவர் கேட்டார். “அது அவங்க வீட்டு விஷயம்” என்றேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

பெட்டி போகாது. இவ்வளவுதான் இன்றைக்கு உறுதி. இன்னும் சில கேட்டிருக்கிறேன், சண்டை நடக்கிறது.

உன் தங்கை


பீர்க்கன்கரணை
14 செப்டம்பர் 2025

பிரியா,

சின்னதாக எழுதுகிறேன். இந்த வாரம் கம்பெனியில் இரண்டு ஆர்டர் ஒன்றாகப் போகிறது, உட்காரக் கூட நேரமில்லை.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை மாமாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பதினாலு நிமிஷமா என்று கேட்டுச் சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று. சிரித்துக்கொண்டே, “அப்போ பிரியாவுக்குத் தெரியுமா?” என்றார். பொய் சொல்ல வரவில்லை. தெரியும் என்றேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. ஜன்னலுக்கும் வரவில்லை.

உன்னைக் குறை சொல்லவில்லை. எழுதினது நான்தானே.

அக்கா


பம்மல்
4 அக்டோபர் 2025

அக்கா,

மாமா பேசினாரா? உன்னிடம் கேட்கக் கூடப் பயமாக இருக்கிறது. நானே போய்க் கெடுத்துவிட்டேனோ என்று தினமும் நினைக்கிறேன்.

திங்கட்கிழமை புதுப் பக்கம் வருகிறது. மூன்று முகவரியைப் போட்டு வைத்துக்கொள்ளலாம். எந்தப் பொருளைத் திறந்தாலும் மூன்றுக்கும் கிழமையும், வண்டி வருகிற நேரமும் பக்கத்துப் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும். எந்தக் கோடவுன் சீக்கிரம் அனுப்பும் என்று அதுவே பார்த்துக்கொள்ளும், நீ மூடியை மாற்ற வேண்டாம். மருத்துவப் பொருள் வாங்கினால் கலர் காகிதம் பறக்காது, ஸ்டார் கேட்காது, பார்சல் மேல் பொருளின் பெயர் இருக்காது. மணி அடிக்காமல் கதவை இரண்டு தட்டு தட்டி, பெயர் சொல்லாமல் வைத்துவிட்டுப் போகச் சொல்லவும் ஒரு இடம் உண்டு. இது அத்தனையும் உன் தலைக்குள் இருந்து எடுத்தது. பதினோரு பேர் ஒரு மாதம் உட்கார்ந்து, நீ தனியாகக் கண்டுபிடித்ததில் பாதியைத்தான் எட்டினோம்.

பிரியா


பீர்க்கன்கரணை
21 அக்டோபர் 2025, தீபாவளிக்கு மறுநாள்

பிரியா,

உன் புதுப் பக்கத்தைப் பார்த்தேன். எழுத்து பெரிதாக இருக்கிறது, நல்லது. மூன்று முகவரி போதாது. காமு நாலு வேண்டும் என்கிறாள். என் லைனில் பாதிப் பேருக்கு இது தெரிந்துவிட்டது. நேற்று வரைக்கும் எனக்கு மட்டும் தெரிந்த வித்தையை ஊருக்கே கொடுத்துவிட்டாய். போகட்டும்.

சொல்ல வந்தது அது இல்லை.

சனிக்கிழமை காலை ஷிஃப்ட். இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தால் கூடத்தில் ஒரு பார்சல் கவர் கிழிந்து கிடக்கிறது. நான் எதுவும் வாங்கவில்லை. யார் வந்தது, யார் கதவைத் திறந்தது, யார் உள்ளே வந்து எதைப் பார்த்துவிட்டார்கள் என்று என்னென்னவோ நினைத்துவிட்டேன். அறைக்குள் மாமா கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். காபிப்பொடி நிறத்தில் ஒரு புது பேன்ட். இடுப்பு பழைய அளவைவிட இரண்டு இன்ச் பெரிது, தூக்கிக் கட்டுகிற மாதிரி. பை அழுந்தாது, வெளியே தெரியவும் தெரியாது. இன்னொன்று கட்டில் மேல் மடித்து வைத்திருந்தது, கறுப்பு.

“யார் வாங்கினது?” என்றேன்.

“நான்தான். உன் பழைய போன்ல.”

அவர் போனில் வேன் வாடகை பேசுவதைத் தவிர ஒன்றும் செய்ததில்லை பிரியா. எப்படி என்று கேட்டேன். “அதான் எல்லாம் எழுதிப் போட்டிருக்கே. உன் மூணு இடமும் வந்துச்சு. பாய் கடைக்குப் போட்டா நீ வாங்கிட்டு வந்துடுவே. அதனால நம்ம வீட்டுக்கே போட்டேன்” என்றார். பெயர் சொல்லாமல் வைத்துவிட்டுப் போகச் சொல்லும் இடத்தைத் தொட்டீங்களா என்று கேட்டேன். “தொடல. மணி அடிக்கட்டும்னு விட்டுட்டேன்” என்றார்.

மணி அடித்திருக்கிறது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக எழுந்து போய்த் திறந்திருக்கிறார். டெலிவரிக்காரன், “இன்னா சார், இந்த வூட்ல ஆளே இல்லைன்னு நெனச்சேன்” என்றானாம். இவர் உள்ளே போய் அவனுக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்திருக்கிறார். கல்யாணமாகி இருபத்தோரு வருஷமாகிறது, இந்த மனிதரை எனக்கு அக்கு வேறு ஆணி வேறாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீபாவளி சாயங்காலம் ஏரிக்கரை வரைக்கும் நடந்தோம். வெடிச் சத்தத்தில் பேச முடியவில்லை. பாதி வழியில் ஒருமுறை வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், அப்புறம் கையை எடுத்துவிட்டார். எதிரே தெரிந்தவர்கள் வந்தார்கள். இவரே முதலில், “நல்லா இருக்கீங்களா?” என்றார்.

திரும்பி வந்து சாப்பிடும்போது, “ஞாயித்துக்கிழமை பம்மல் போலாமா?” என்றார். பம்மலுக்கா என்று கேட்டேன். “அவளுக்குத் தெரியும்ல, அதனாலதான்” என்றார்.

பதினோரு மணிக்கு வருவோம். நடுவில் ஒரு தடவை அவருக்குப் பதினைந்து நிமிடம் பாத்ரூம் வேண்டியிருக்கும். போன தடவை வந்தபோது உன் வீட்டுப் பாத்ரூம் தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமைக்குள் ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ணி வை.

அக்கா